தேர் ஓடத் தெரு வேண்டும்

கோயில் கட்டடக்கலை கருவறையோடும் கோபுரத்தோடும் முடிந்துவிடுவதில்லை. தெரு, குளம், மண்டகப்படி, வடம் பிடிக்கும் கைகள் எல்லாம் சேர்ந்ததுதான் கோயில். மதுரையிலிருந்து ஜெர்மனியின் ஹாம் நகர் வரை, இன்றைய சமூகங்களை அது எப்படி உருவாக்குகிறது?

ஜெர்மனியின் ஹாம் நகரை ஒட்டிய யூன்ட்ரோப் தொழிற்பேட்டை. கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமை. கிடங்குகளின் கதவுகள் சாத்தியிருக்கின்றன. லாரிகள் ஓய்வில் இருக்கின்றன. தார்ச்சாலை முழுக்க உடைந்த தேங்காய்ச் சிதறல். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் ஒருபக்கமும் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் மறுபக்கமும் வடம் பிடிக்க, காமாட்சி அம்பாளின் தேர் அசைந்து வருகிறது. முன்னே காவடிகள் ஆடுகின்றன. தவில் முழங்குகிறது. பாரிஸ், லண்டன், சூரிச் என்று பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களைச் சேர்த்தால் கூட்டம் 20,000ஐ நெருங்கும். தேருக்குப் பின்னால், ஆலைக் கூரைகளுக்கு மேலே, 17 மீட்டர் உயரக் கோபுரம்.

இந்தக் கோயிலின் தொடக்கம் ஒரு நிலவறை. 1983 இனவன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்களில் பல்லாயிரம் பேர் ஜெர்மனியில் தஞ்சமடைந்தனர். அவர்களில் ஒருவரான ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள் 1989இல் ஒரு வீட்டின் அடித்தளத்தில் அம்பாளை வைத்துப் பூசை செய்யத் தொடங்கினார். அன்றாடப் பூசைக்கு அந்த அறை போதுமானதாக இருந்தது. சிக்கல் வந்தது திருவிழாவில்தான். 1993இல் ஊர்வலம் தெருவுக்கு வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. குடியிருப்புப் பகுதியின் அக்கம்பக்கத்தார் நெரிசலையும் வாகன நிறுத்தத்தையும் காட்டி முறையிட்டனர். வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. தொழிற்பேட்டையில் மனை அமைந்தது. ஹைன்ஸ் ரைனர் ஐக்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் வரைபடம் தயாரிக்க, இந்தியாவிலிருந்து வந்த சிற்பிகள் சுதை வேலை செய்ய, 2002 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது.

சாமி கும்பிட ஒரு அறை போதும். தேர் ஓட்டத்தான் தெரு வேண்டும். தெரு வேண்டுமென்றால் நகராட்சியோடு பேச வேண்டும், போலீஸ் அனுமதி வேண்டும், அண்டை வீட்டாரின் ஒப்புதல் வேண்டும். அதுவரை தனித்தனிக் குடும்பங்களாக இருந்த அகதிகளை ஒரு சமூகமாக அந்த நகரத்தின் முன் நிறுத்தியது தேர்தான். கோயிலுக்கு அருகே ஓடும் டாட்டல்ன்–ஹாம் கால்வாய் தீர்த்தவாரிக் குளமாகவும் ஆகிவிட்டது.

நடக்கவைக்கும் கட்டடம்

தென்னிந்தியக் கோயிலின் நடுவில் இருப்பது மிகச் சிறிய, இருண்ட அறை. அதற்குள் அர்ச்சகர் தவிர எவரும் நுழைவதில்லை. அர்த்தமண்டபம், மகாமண்டபம், பலிபீடம், கொடிமரம், பிராகாரம், மதில், கோபுரம் என்று வெளியே வர வர இடம் விரிகிறது. புழங்கும் மக்களின் எண்ணிக்கையும் பெருகுகிறது. ஓரிடத்தில் அமர்ந்து உரை கேட்பதற்கான கூடம் இந்த அமைப்பில் மையமாக இல்லை. சுற்றி வருவதே வழிபாட்டு முறை. மூலவர் அசையாதவர், உற்சவரோ வெளியே வந்தே ஆக வேண்டியவர். நடக்க முடியாத முதியவரையும் உள்ளே நுழைய நேரமில்லாத வணிகரையும் தேடிச் சாமி தெருவுக்கு வரும் ஏற்பாடு இது.

இதனால் கோயிலும் தெருவும் ஒரே வரைபடத்தில் பிறந்தன. 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை நிறைவு செய்த முதலாம் ராஜராஜன், தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேருக்குக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடும் நெல் பங்கும் ஒதுக்கியதை அந்தச் சுவர்களே பதிந்து வைத்திருக்கின்றன. எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் கணக்கு உண்டு. அக்காலத்தில் கருவறை மேலுள்ள விமானமே வானுயரம். பாண்டியர், விஜயநகரர், நாயக்கர் காலங்களில் விமானம் தாழ்ந்து, வெளிமதில் கோபுரங்கள் உயர்ந்தன. கோயில் தன் முகத்தை ஊரை நோக்கித் திருப்பிக்கொண்ட காலம் அது. இன்றைய தமிழ் ஊர்களின் அடையாளம் பெரும்பாலும் அந்தத் திருப்பத்தின் விளைவு.

மதுரையில் அதை நடந்தே பார்க்கலாம். மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஒழுங்கு பெற்ற இந்த அமைப்பே இன்றும் நகரின் வணிக வரைபடமாக இருக்கிறது. நகை வாங்கத் தெற்கு ஆவணி மூல வீதி. மொத்த விலையில் பலசரக்கு வாங்கக் கீழமாசி வீதி. மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது மரபு. சைவ விழாவும் வைணவ விழாவும், நகரமும் கிராமங்களும் இணைந்த அந்த ஏற்பாட்டில் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது.

அழகர்கோயிலிலிருந்து வண்டியூர் வரையிலான வழியில் 400க்கும் மேற்பட்ட மண்டகப்படிகள் உள்ளன. நான்கு தூணும் ஒரு கூரையும் கொண்ட எளிய மண்டபங்களே பெரும்பாலானவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு சாதிக்கோ, ஒரு வணிகர் சங்கத்துக்கோ உரியது. அழகர் அங்கே நின்று மரியாதை பெறும் சில நிமிடங்களுக்காக ஆண்டு முழுக்கச் சீட்டுப் போட்டுப் பணம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். திருக்கல்யாணத்தன்று கோயிலில் தாலி கட்டும் நேரத்தில் மதுரைப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். சேதுபதி பள்ளியில் நடக்கும் கல்யாண விருந்தில் சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்ற உரிமையோடு ஒரு நகரமே கல்யாணத்தில் கலந்துகொள்வதற்கு அடியில் இருப்பது இந்த வீதிகளின் வரிசைதான்.

─────────────
பெட்டிச் செய்தி: கோயிலுக்குள் ஓர் ஊர்

▪ ஸ்ரீரங்கம் கோயில் வளாகம் சுமார் 156 ஏக்கர். 7 பிராகாரங்கள், 21 கோபுரங்கள்.

▪ வெளிப் பிராகாரங்கள் முழுக்கக் குடியிருப்புகளும் கடைகளும். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி ஆகியவற்றில் வசிப்பவர்கள் கோயில் மதிலுக்குள்ளேயே வாழ்பவர்கள்.

▪ விஜயநகரர் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்ற தெற்கு ராஜகோபுரத்தை அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் கட்டி முடித்தார். 13 நிலை, 236 அடி. குடமுழுக்கு: 1987 மார்ச்.

▪ மரபுமுறையில் நடந்த புனரமைப்புக்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பண்பாட்டு மரபு விருது கிடைத்தது.
─────────────

வடம் யார் கையில்?

ஊரை ஒன்றுசேர்க்கும் அதே வரைபடம்தான் யார் ஊர், யார் சேரி என்பதையும் பிரித்தது. கோயிலிலிருந்து எந்தச் சாதி எத்தனையாவது தெருவில் குடியிருக்கலாம் என்பதும், தேர் எந்தத் தெருவரை போகும் என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தன. தேர் வராத தெரு ஊருக்கு வெளியே இருந்தது. உள்ளே நுழைய உரிமையற்றவர்களுக்குக் கோபுரமே கோயிலாக இருந்தது. தெருவில் நின்று அண்ணாந்து கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். திருப்புன்கூரில் நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் விலகியிருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்ற நந்தனாருக்குக் காட்சி தர இறைவன் அதை விலகச் சொன்னதாகக் கதை. நந்தி விலகியது, நந்தனார் உள்ளே அழைக்கப்படவில்லை. கோயில் கட்டடக்கலையின் பெருமையை எழுதும் எவரும் அந்தக் கல்லின் முன் ஒரு கணம் நிற்கக் கடமைப்பட்டவர்கள்.

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். அதற்குச் சட்டப் பாதுகாப்பும் அதே ஆண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் இதே போராட்டம் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தது. கோயிலுக்குள் போகும் உரிமை கிடைத்தபின் போராட்டம் தெருவுக்கு நகர்ந்தது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் முதல் மரியாதை நான்கு நாட்டார்களுக்கு, அதாவது வட்டாரத் தலைவர்களுக்கு, என்பது பழைய வழக்கம். தலித் மக்கள் வடம் பிடிக்கும் உரிமையைக் கோரியபோது 1990களின் இறுதியில் மோதல் மூண்டது. தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. உயர் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2024 ஜூனில் அது மீண்டும் ஓடியது.

இந்தப் போராட்டங்களைச் சாதிச் சண்டை என்று மட்டும் படிப்பது போதாது. ஒரு குடிமகன் தன் ஊரில் தனக்கு இடம் உண்டா என்று கேட்கும்போது, அதற்கான விடையை வாக்காளர் பட்டியலில் தேடுவதில்லை, வடத்தில் தேடுகிறான். கட்டடக்கலை அடையாளத்தை வடிவமைக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

கடல் கடந்த கோபுரங்கள்

சிங்கப்பூரில் ராஃபிள்ஸோடு 1819இல் வந்திறங்கிய நாராயண பிள்ளை, 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டியது சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். வேலை தேடி வந்தவர்கள் கால் ஊன்றும் வரை தங்கிய இடமும், இந்துத் திருமணங்களைப் பதிவு செய்த இடமும் அதுவே. சீனர்கள் நிறைந்த அந்த வட்டாரத்தின் இரண்டு தெருக்கள் கோயிலால் பெயர் பெற்றவை: டெம்பிள் தெரு, பகோடா தெரு. சற்றுத் தள்ளி அதே சாலையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல்.

அங்கே தீமிதிக்கு வரும் பக்தர்கள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டுச் சுமார் 4 கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயிலை அடைகிறார்கள். தைப்பூசக் காவடிகளும் அதே பெருமாள் கோயிலிலிருந்து தேங் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகின்றன. கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் மாட வீதி இல்லாத நகரத்தில் இரண்டு கோயில்களுக்கு நடுவிலான பொதுச்சாலை மாட வீதியாகிறது. அந்தச் சில மணி நேரம் நாடே தமிழர்களைக் காண்கிறது.

சுதை உருவங்கள் மழையிலும் வெயிலிலும் தேய்பவை. அதனால் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். இதைச் செலவு என்று பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் தலைமுறைக்கு இரண்டு முறையாவது ஊர் கூடிப் பணம் சேர்க்கவும், தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைக்கவும், எந்த உருவம் எங்கே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் இந்த அழிவுத்தன்மைதான் வாய்ப்புத் தருகிறது. 2023 பிப்ரவரியில் மாரியம்மன் கோயில் குடமுழுக்கில் அன்றைய துணைப் பிரதமர் லாரன்ஸ் வோங் கலந்துகொண்டார். ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்தது வேறு. அங்குள்ள அம்பலவாணர் ஆலயம் 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்தது. வெள்ளம் அதை அழித்தபின், பழைய கோயிலின் கதவுகளைக் கொண்டே 1947இல் கேட்டோ மேனரில் புதிதாகக் கட்டினார்கள். பிறகு நிறவெறி அரசின் குழுப் பகுதிகள் சட்டம் அந்த வட்டாரத்து இந்தியர்களை அப்புறப்படுத்தியது. வீடுகள் போயின, கோயில் நின்றது. சிதறடிக்கப்பட்ட குடும்பங்கள் திருவிழாவுக்கு அங்கேயே திரும்பி வந்தன. ஊரே இல்லாத இடத்தில் ஊரின் முகவரியாகக் கோயில் இருந்தது.

அமெரிக்காவில் கோயில் வேறொரு அடையாளத்தை வார்த்தது. நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில், அழகப்பா அழகப்பன் முதலியோரின் முயற்சியில், முன்பு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த மனையில் எழுந்த மகா வல்லப கணபதி கோயில் 1977 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், குடமுழுக்குக் கண்டது. அடித்தளத்து உணவகத்தில் தோசைக்கு நிற்கும் வரிசையில் சாமி கும்பிட வராத நியூயார்க்வாசிகளும் உண்டு. 2022இல் அந்தத் தெருவுக்குக் கணேஷ் டெம்பிள் தெரு என்ற துணைப்பெயரும் சூட்டப்பட்டது. மேரிலாந்தின் லேன்ஹாமில் சிவனும் விஷ்ணுவும் ஐயப்பனும் முருகனும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஊரில் தனித்தனிக் கோயில்களுக்குப் போயிருக்கக்கூடிய தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் மலையாளியும் ஒரே வாகன நிறுத்தத்தில் சந்திக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சைவர், வைணவர் என்ற வேறுபாடு மங்கி, இந்து அமெரிக்கர் என்ற பொதுப்பெயர் முன்னுக்கு வருகிறது. இது லாபமும் இழப்பும் சேர்ந்த மாற்றம். ஹாமில் கோயில் தமிழை முன்னிறுத்த, லேன்ஹாமில் மதத்தை முன்னிறுத்துகிறது. கூரையின் கீழ் யாரைக் குடிவைப்பது என்ற தீர்மானம் அடுத்த தலைமுறை தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ளும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

─────────────
பெட்டிச் செய்தி: மதம் கடந்த வடிவம்

▪ கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூண் மண்டபங்களால் ஆனது. உருவச் சிற்பங்கள் இல்லை. தூண், போதிகை, கொடிவேலை எல்லாம் அதே மரபுக் கொத்தர்களின் கைவண்ணம்.

▪ தமிழ்நாடு அரசின் முத்திரையில் கோபுரம் உள்ளது. பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த கட்சிகளின் ஆட்சியிலும் அது மாறவில்லை.

▪ 1976இல் திறக்கப்பட்ட சென்னை வள்ளுவர் கோட்டத்தின் வடிவம் திருவாரூர்த் தேர். அதை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதியே கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலையையும் (2000) செய்தவர்.

▪ மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி 1957இல் தொடங்கியது. உலகின் பல கோயில்களில் வேலை செய்யும் ஸ்தபதிகள் அதில் பயின்றவர்கள்.
─────────────

கல்லைக் காப்பதா, தெருவைக் காப்பதா?

தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் 40,000க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. திருப்பணி என்ற பெயரில் நடந்த சேதத்துக்குக் குறைவில்லை. மணல் வீச்சு இயந்திரத்தால் தூண்களைச் சுத்தம் செய்து சிற்பங்களின் கூர்மையை மழுங்கடித்தார்கள். கல்தரை மேல் பளபளப்பு ஓடு பதித்தார்கள். சுண்ணாம்புக் காரைக்குப் பதில் சிமென்ட் பூசினார்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், தொன்மைச் சின்னங்களைக் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அதற்கு முன்பே ஸ்ரீரங்கம் சரியான வழியைக் காட்டியிருந்தது: பிற்காலத்துக் கான்கிரீட் சேர்க்கைகளை அகற்றி, மண்ணில் புதைந்த தளங்களை மீட்டு, சுண்ணாம்பிலேயே வேலை செய்தார்கள்.

கல்லைக் காப்பாற்றும் ஆர்வத்தில் தெருவை இழப்பதும் நடக்கிறது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட காசி விசுவநாதர் கோயில் வளாகத்துக்காகக் கங்கைக் கரை வரை நெருங்கியிருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்கள் வாங்கி இடிக்கப்பட்டன. நெரிசல் தீர்ந்தது, கோயிலிலிருந்து நதிக்கு நேர்வழி கிடைத்தது, இடிபாடுகளுக்குள் மறைந்திருந்த சிறு கோயில்களும் வெளிப்பட்டன. ஆனால் தலைமுறைகளாகக் கோயிலோடு ஒட்டி வாழ்ந்த சந்துகள் இப்போது இல்லை. யாத்திரிகருக்கு வசதியான கோயிலும் குடியிருப்பவருக்கு உரிமையான கோயிலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் கோயில் நகரங்களுக்குப் பெருந்திட்டம் தீட்டுபவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

மதுரையில் கேள்வி இன்னும் கூர்மையானது. கோயிலைச் சுற்றிக் கட்டடங்களின் உயரத்துக்கு 9 மீட்டர் என்ற வரம்பு உண்டு. கோபுரம் கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம். அதை மீறி எழுந்த விடுதிகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய கடைகளில் பற்றிய தீ, வீரவசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்தது. கோயிலுக்குள் கடைகள் தொடரக் கூடாது என்ற முடிவு அதன்பின் உறுதியானது.

எதிரே உள்ள புதுமண்டபத்தின் நிலைமை அவ்வளவு எளிதல்ல. வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில், நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கு நடுவே, தையல் இயந்திரங்களும் வளையல் கடைகளும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நெடுங்காலம் இருந்தன. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களின் உடையும், கருப்பசாமி வேடத்துக்கான தொப்பியும் கச்சையும் தைத்துத் தந்தவர்கள் அந்தத் தையல்காரர்கள்தான். தூண்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பது உண்மை. சித்திரை மாதம் துணியோடு வருபவர் தேடி அலையாமல் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் உண்மை. கடைகள் அருகிலேயே உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. நகரின் எல்லையில் ஒரு வணிக வளாகத்தைக் கட்டி அனுப்பியிருந்தால் அந்தத் தொழில் திருவிழாவிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். சத்திரமும் கோயில் வீதிகளின் வட்டத்துக்குள்ளேயே இருப்பதால், அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் அளவு கொடுக்க இப்போது அங்கே போகிறார்கள்.